நீரிழிவு உள்ளோருக்கு ஏற்ற நெல்லிச் சீவல்

நீலகிரியின் வறண்ட சரிவுகளில், குறிப்பாகச் சீகூர், மசினகுடி வட்டாரங்களில், காட்டு நெல்லி இயற்கையாகவே வளர்கிறது. அறுவடைக் காலத்தில் பச்சையாக விற்றால் கிடைக்கும் விலை குறைவு. ஆகவே பலரும் தேன் நெல்லி, நெல்லி மிட்டாய் தயாரித்து விற்கின்றனர். "நெல்லி சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று நம்பி இவற்றை வாங்கிச் செல்வோரில் நீரிழிவு உள்ளவர்களும் உண்டு. மிட்டாயின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. தேனிலோ நூற்றுக்கு எண்பது பங்கு வரை சர்க்கரைச் சத்தே. வெல்லம் சேர்த்தாலும் நிலைமை மாறாது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். அவர்கள் அளவோடு கொறிக்கக்கூடிய பண்டம் உப்பிட்டு உலர்த்திய நெல்லிச் சீவல்.

முற்றிய, அடிபடாத காய் ஒரு கிலோ எடுத்துக் கழுவி, சுளைகள் பிரியும்வரை கொதிநீரில் வேகவைக்கவும். சமவெளியில் ஐந்தாறு நிமிடம் போதும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் கூடுதல் நேரம் பிடிக்கும். கடிகாரத்தைப் பாராமல் காயைப் பார்ப்பதே சரி. கொட்டையை நீக்கி, எவர்சில்வர் கத்தியால் மெல்லியதாகச் சீவவும். இரும்புக் கத்தி பட்டால் சீவல் கறுத்துவிடும். பின்னர் 10 கிராம் உப்பு, 30 கிராம் இஞ்சியின் சாறு, சிறிது மிளகுத்தூள் சேர்த்துப் பிசறி இரண்டு மணி நேரம் வைக்கவும்.

உப்பில் கை தாராளம் கூடாது. காய்ந்தபின் நெல்லியின் எடை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். போட்ட உப்போ அப்படியே நிற்கும். நீரிழிவு உள்ளோரில் பலருக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதை மறக்கலாகாது.

உலர்த்துவதில்தான் மலையில் சிரமம். குன்னூர், கோத்தகிரி பக்கம் பகலில் காய்ந்தது இரவு மூடுபனியில் மீண்டும் நமுத்துப் பூசணம் பிடிக்கும். எனவே காய் கிடைக்கும் அடிவாரத்திலேயே சூரிய உலர்த்தியில் காயவைத்து, உலர்ந்த சரக்கை மேலே கொண்டுவருவது மேல், சுமைகூலியும் மிச்சம். மின் உலர்த்தி இருப்பின் 55 முதல் 60 டிகிரி வெப்பம் போதுமானது. மடித்தால் ஒடியும் பதத்தில் எடுத்து, ஆறியவுடன் காற்றுப் புகாத உறையில் அடைக்கவும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பின்னரே விற்க வேண்டும். உறையில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று போடலாம். பழத்தில் இயல்பாகவே சிறிது சர்க்கரை உள்ளதையும் குறிப்பிட வேண்டும். "நீரிழிவு தீரும்" என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இது தின்பண்டம், மருந்தன்று. வாங்குவோர் மாத்திரையை நிறுத்தலாகாது என்பதை விற்பவரே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

காட்டில் காய் சேகரிக்கும் உரிமை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி காடுவாழ் மக்களுக்கு உரியது. பிற விவசாயிகள் அவர்களிடம் நியாய விலைக்கு வாங்கலாம். அல்லது தாழ்ந்த சரிவுகளில் சொந்த நிலத்தில் ஒட்டுக்கன்று நடலாம். ஊட்டியின் உறைபனியை இளங்கன்று தாங்காது. காய்க்காகக் கிளையை வெட்டினால் அடுத்த ஆண்டு மகசூல் குறையும். வெட்ட வேண்டியது மரத்தில் படர்ந்திருக்கும் புல்லுருவியை மட்டுமே.