பிளஸ் டூவுக்குப் பிறகு: எது சொந்த மாநிலம்?

மே மாதம் பிறந்துவிட்டால் டில்லித் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு இரண்டே விஷயங்களைப் பற்றித்தான். ஊருக்கு ரிசர்வேஷன் கிடைத்ததா, பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்க்கப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதைப் பற்றி, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். ஹையரும் சுருக்கெழுத்தும் தேறி, 1974-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்தேன். வேலை கிடைத்தது. அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, 2008-ல் என் மகள் பிளஸ் டூ எழுதியபோது நானும் அவளைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், மார்க் மட்டும் போதும், நமக்கோ கும்பகோணம் பக்கம் பூர்வீக வீடு இருக்கிறது. பொறியியல் படிப்பு ஊரிலேயே கிடைத்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஊருக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. வெளிமாநிலத்தில் படித்த பெண் என்பதால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். ரேஷன் கார்டு டில்லி, வாக்காளர் அட்டை டில்லி, அவள் பிறந்ததும் டில்லி. பாட்டனார் பெயரில் இருந்த பட்டாவைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். சான்றிதழ் கைக்கு வந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நல்லவேளையாக என் மனைவி எனக்குச் சொல்லாமலே டில்லிப் பல்கலைக்கழகப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்திருந்தாள். மகளுக்குப் புள்ளியியல் ஆனர்ஸ் கிடைத்தது. "எனக்கு இதுதான்பா பிடிச்சிருந்தது, நீங்க கேக்கவே இல்லையே" என்றாள் அவள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இது நிற்க. நம் போன்றவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கல்லூரிச் சேர்க்கையில் "சொந்த மாநிலம்" என்பது பெரும்பாலும் குலதெய்வம் இருக்கும் மாநிலம் அல்ல, பிள்ளை பிளஸ் டூ எழுதும் மாநிலம். என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்துக்கு உரியவை. டில்லியில் பிளஸ் டூ தேறிய தமிழ்ப் பையன், திருச்சி என்.ஐ.டி.யைப் பொறுத்தவரை வெளி மாநிலத்தான். ஐ.ஐ.டி.களில் இந்தப் பாகுபாடு இல்லை. டில்லி அரசின் பொறியியல் பல்கலைக்கழகங்களில் 100-க்கு 85 இடம் டில்லிப் பள்ளிகளில் பிளஸ் டூ தேறியவர்களுக்கு. மருத்துவத்தில் டில்லி ஒதுக்கீடு வேண்டுமானால் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் இங்கேயே படித்திருக்க வேண்டும்.

நொய்டாவிலும் காஜியாபாத்திலும் குடியிருப்பவர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு அலுவலகம் கன்னாட் பிளேஸில் இருந்தாலும், பள்ளி நொய்டாவில் என்றால் பையன் உத்தரப் பிரதேசத்து மாணவனே. எனவே பத்தாவது முடிந்ததும் பிளஸ் ஒன் எங்கே என்பதை யோசித்தாக வேண்டும். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் நான் நடந்த நடைதான்.

தமிழ்நாட்டில்தான் படிக்க வைப்பேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கேட்பார்கள். ஒரு வருஷம் முன்னதாகவே, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஓ.பி.சி. பிரிவினர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மத்திய நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று, அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும்.

பாடத் தேர்வும் பிளஸ் ஒன்னிலேயே பாதையை அடைத்துவிடுகிறது. டாக்டர்தான் என்று கணக்கை விட்டுவிட்டு, பிறகு பொருளாதார ஆனர்ஸ் கேட்டால் டில்லிப் பல்கலைக்கழகத்தில் கதவு திறக்காது. 2022 முதல் அங்கே சேர்க்கை பொது நுழைவுத் தேர்வின் மூலம்தான். அதில் எழுதும் பாடங்களும் பன்னிரண்டாவதில் படித்த பாடங்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள். மாநிலத் தொல்லையே இல்லாத வழி வேண்டுமா? சி.ஏ. இருக்கிறது. டில்லியில் படித்தாலும் திண்டுக்கல்லில் படித்தாலும் ஒரே தேர்வு. 2023-ல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றிலிருந்து இரண்டு வருஷமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தேறுவது லேசில்லை.

தமிழ்நாட்டு அரசு வேலை மீது கண் உள்ளவர்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயமாகிவிட்டது. வீட்டில் பேசும் தமிழ் அதற்குக் காணாது.

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த பிளாக்கிலிருந்து ஒரு திருநெல்வேலிக் குடும்பம் வந்திருந்தது. பையன் பத்தாவது முடித்திருக்கிறான். அப்பாவுக்கு எந்திரவியல் ஆசை. நான் பழைய பாடம் மறக்காமல் பையனையே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓட்டல் மேனேஜ்மெண்ட், தாத்தா" என்றான்.

"கரண்டி பிடிக்கவா அண்ணாச்சி இவனை டில்லியில படிக்க வச்சேன்?" என்று அவன் அப்பா என்னைப் பார்த்தார்.

அதற்கும் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு இருக்கிறது, பூசாவில் மத்திய அரசின் கல்லூரியே இருக்கிறது, பிளஸ் டூவில் ஆங்கிலம் இருந்தால் எந்தப் பிரிவும் சரி என்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். பையனின் அம்மாதான் பேசினார்: "அப்ப கணக்கையும் எடுத்துக்கிட்டு இங்கிலீஷையும் நல்லா படிக்கட்டும். ரெண்டு வருஷம் இருக்குல்லா."

பையன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.