4294967297-ஐ வகுக்கும் எண்

அன்புள்ள கயல்,

ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று பார்க்க, ஒவ்வொன்றாக வகுப்பதைத் தவிர வழியே இல்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. 4294967297-ஐ எடுத்துக்கொள்வோம்; நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேற்பட்ட எண்.

2, 4, 16, 256, 65536 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். 65536-ஐயும் வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் நம் எண் வந்துவிடும். இப்படி வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று தாம் நம்புவதாக பிரான்சின் கணித அறிஞர் ஃபெர்மா 1640-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். நிறுவ முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஐந்து முறை பலித்தது ஆறாவது முறையும் பலிக்கும் என்பதற்குக் கணிதத்தில் உத்தரவாதம் கிடையாது. 1729-ல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இதைப் பற்றி இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். 1732-ல் ஆய்லர் விடை சொன்னார்: 641 நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது, ஈவு 6700417. அப்போது அவருக்கு வயது 25.

சாதாரண வழியில் போனால் 65536 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஆறாயிரத்துக்கும் மேல். ஆய்லர் பின்னால் விளக்கிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். ஃபெர்மாவே கண்ட 'சிறிய தேற்றம்'தான் இதற்கு அடிப்படை. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் உனக்கே புரியும். 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய்ப் பகா எண்களை மட்டும் பொறுக்கு: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

வகுக்காமலே சரிபார்க்கவும் முடியும். 5-ஐ 128-ஆல் பெருக்கினால் 640, அதாவது 641-க்கு ஒன்று குறைவு. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 640-க்கு மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். 640-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்து. மீதி 1 ஆகிவிடும். 128 என்பது 2-இன் ஏழாம் அடுக்கு. எனவே அந்த நான்காம் அடுக்கு, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியது. 625 என்பது 641-க்கு 16 குறைவு. அதன் இடத்தில் −16 போடு. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு அல்லவா? ஆக, 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. அதோடு 1 கூட்டியதுதான் நம் எண், மீதி பூஜ்யம். பேனாவும் தாளும் எடுத்து ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்ணும் இதுவரை அகப்படவில்லை. இனி வரவே வராது என்றும் யாரும் நிறுவவில்லை.

உனக்கு ஒரு வேலை. 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கு. 4294967297-க்கு எவ்வளவு குறைகிறது, ஏன் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா