கடல் கடந்த கைப்பேசி

முற்காலத்தில் கடல் கடந்து சென்ற ஒருவன் எழுதிய மடல் அவன் வீட்டை வந்தடையத் திங்கள் பல ஆகும். அவன் நலமாய் உள்ளானா, நோயுற்றுக் கிடக்கின்றானா என்பதை அறியாமலே பெற்றோர் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பர். இன்றோ, வானூர்தி தரையைத் தொட்டதும் பயணியின் கை முதலில் நாடுவது தன் கைப்பேசியையே. அதனை இயக்கிய சிறிது நேரத்தில் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர் அதன் முகப்பில் தோன்றுகின்றது. 'நலமாக வந்து சேர்ந்தேன்' என்னும் சொல் நெடுந்தொலைவில் உள்ள தாயின் செவியில் விழுகின்றது. இந்நிகழ்ச்சி இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றலாம். ஆயினும், நம் ஊர்க் கோபுரத்தோடு பழகிய ஒரு கருவி, முன்பின் அறியாத நாட்டின் கோபுரத்தோடு பேசுவது எங்ஙனம்? சில கைப்பேசிகள் மட்டும் அங்கே ஊமையாகிவிடுவது ஏன்? இவ்வினாக்களுக்கு ஈண்டு விடை காண்போம்.

கைப்பேசி என்பது கையடக்கமான ஒரு வானொலி நிலையமே ஆகும். வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது; கைப்பேசியோ கேட்கவும் வல்லது, பேசவும் வல்லது. அது நம் குரலைக் கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளில் ஏற்றி அருகிலுள்ள கோபுரத்திற்கு அனுப்புகின்றது. ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றதோ, அதுவே அதன் அதிர்வெண். நொடிக்குப் பத்து இலட்சம் அதிர்வுகளை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பர். இவ்வலைகள் உண்டு என்பதை 1880களின் இறுதியில் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்த ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரே இவ்வளவைக்கு வழங்குகின்றது.

இருவர் உரையாட வேண்டுமாயின் மூன்று வேண்டும். ஒருவர் குரல் மற்றவர் செவிக்கு எட்ட வேண்டும். இருவரும் ஒரே மொழியை அறிந்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையிலும் இம்மூன்றும் இன்றியமையாதன. இரண்டும் ஒரே அலைவரிசையில் இயங்குதல் முதலாவது. செய்தியைக் கட்டி அனுப்பும் முறையும் பிரித்துப் படிக்கும் முறையும் ஒன்றாயிருத்தல் இரண்டாவது. 'இவர் எம்மவர், இவருக்கு இடம் கொடுங்கள்' என்று தாய்நாட்டு நிறுவனம் அயல்நாட்டு நிறுவனத்திற்கு உறுதி கூறுதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறையினும் பேச்சு நிகழாது.

இவ்வுண்மையை மக்கள் தந்திக் காலத்திலேயே உணர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் தந்தி முறைகள் வேறுபட்டிருந்தன. எல்லைக்கு வந்த செய்தியை ஓர் எழுத்தர் தாளில் எழுதி அடுத்த நாட்டு எழுத்தரிடம் கொடுப்பார். அவர் அதனைத் தம் நாட்டு முறைப்படி மீண்டும் அனுப்புவார். மின்னலென விரைந்து வந்த செய்தி, எல்லையை மட்டும் கால்நடையாகவே கடந்தது! இவ்விடரைக் களைய 20 நாடுகள் 1865ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடி ஓர் ஒன்றியம் கண்டன. அதுவே வளர்ந்து, இன்று ஜெனீவாவில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் என்னும் பெயரோடு, எந்த அலை எப்பணிக்கு உரியது என்பதை உலக நாடுகள் கூடி முடிவு செய்யும் மன்றமாக விளங்குகின்றது.

எனினும், ஒரு முறை கற்ற பாடத்தை மக்கள் மறுபடியும் கற்க வேண்டியதாயிற்று. 1980களில் ஐரோப்பாவில் காரில் பொருத்தும் தொலைபேசிகள் பரவின. வடபுலத்து நாடுகளாகிய சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகியவை 1980களின் தொடக்கம் முதல் ஒரே முறையைப் பின்பற்றின. ஆனால் பிரிட்டன், பிரான்சு, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகள் தத்தமக்கு வெவ்வேறு முறைகளை அமைத்துக்கொண்டன. எனவே, ஒரு நாட்டுத் தொலைபேசி எல்லையைத் தாண்டியதும் பயனற்ற பெட்டியாயிற்று.

இந்நிலையை மாற்ற 1982ஆம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆய்ந்தனர். பல முறைகளைச் சோதித்துப் பார்த்தனர். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் விரும்பியது ஒன்று. ஏனைய நாடுகள் பலவும் விரும்பியது மற்றொன்று. இறுதியில் அவ்விரு நாடுகளும் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தன. 1987 செப்டம்பரில் 13 நாடுகளைச் சார்ந்தோர் கோபன்ஹேகன் நகரில் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். இங்ஙனம் பிறந்ததே ஜி.எஸ்.எம். என்னும் முறை. 1991 சூலை முதல் நாள், பின்லாந்தின் முன்னாள் தலைமை அமைச்சர் ஹாரி ஹோல்கெரி அம்முறையில் அமைந்த வலையமைப்பின் வழியே முதன்முதலாகப் பேசினார். அடுத்த ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டன் நிறுவனம் ஒன்றும், ஒன்றன் வாடிக்கையாளரை மற்றொன்று ஏற்றுக்கொள்வதென உடன்பட்டன. இவ்வேற்பாட்டையே நாம் 'ரோமிங்' என்று வழங்குகின்றோம். இந்தியாவில் 1995 சூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு முதல் கைப்பேசி அழைப்புச் சென்றது. அதுவும் இம்முறையைச் சார்ந்ததே.

ரோமிங் நடைபெறும் விதம் வியப்புக்குரியது. சிம் அட்டையுள் 15 இலக்கங்கள் வரை அமைந்த ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். அவை 404 அல்லது 405 எனின், அது இந்திய அட்டை என்பதை எந்நாட்டுக் கோபுரமும் அறியும். உடனே அந்நாட்டு நிறுவனம் நம் நாட்டு நிறுவனத்தை வினவுகின்றது. சிம் அட்டையுள்ளும் தாய் நிறுவனத்திடமும் மட்டுமே ஒரு மறை எண் உள்ளது. தாய் நிறுவனம் அம்மறை எண்ணைப் பிறரிடம் சொல்வதில்லை. ஒரு வினாவையும் அதற்குரிய விடையையும் மட்டுமே அனுப்புகின்றது. அயல்நாட்டு நிறுவனம் அவ்வினாவை அட்டையிடம் கேட்கின்றது. அட்டை தன் மறை எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை கூறுகின்றது. இரு விடைகளும் ஒத்தால் நுழைவு கிடைக்கும். பின்னர், 'உம்மவர் இங்குள்ளார்' என்ற செய்தி தாய் நிறுவனத்திற்குச் சேர்கின்றது. அதனாலேயே வீட்டார் வழக்கமான எண்ணை அழைத்தாலும் அழைப்பு அயல்நாட்டைச் சென்றடைகின்றது.

உடன்பாடு இல்லாதவிடத்து நேர்ந்தது யாது? அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய கைப்பேசிச் சேவை 850 மெகாஹெர்ட்ஸ் சார்ந்த அலைவரிசையில் அமைந்தது. பின்னர் 1900 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்தது. ஐரோப்பாவும் இந்தியாவும் 900, 1800 ஆகியவற்றைக் கொண்டன. ஆகவே, அவ்விரு வரிசைகளை மட்டும் அறிந்த கைப்பேசி நியூயார்க் நகரில் எத்தனை கோபுரங்கள் சூழ நின்றாலும் ஒன்றன் குரலும் அதற்குக் கேட்கவில்லை. மேலும், அங்கே சில நிறுவனங்கள் சி.டி.எம்.ஏ. என்னும் வேறொரு முறையைப் பின்பற்றின. அவற்றின் கைப்பேசிகள் பெரும்பாலும் சிம் அட்டையே இல்லாதவை. நான்கு அலைவரிசைகளிலும் இயங்கும் கைப்பேசிகள் வந்த பின்னரே பயணிகளின் இடர் ஓரளவு தணிந்தது.

ஜப்பான் நாட்டின் வரலாறு இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அந்நாட்டார் 1993ஆம் ஆண்டு முதல் தமக்கே உரிய ஒரு முறையைக் கையாண்டனர். 1999ஆம் ஆண்டிலேயே அவர்கள் கைப்பேசியில் மின்னஞ்சலும் இணையச் செய்திகளும் பெற்றனர். கருவி நுட்பத்தில் அவர்கள் பிறர்க்கு முன்னே நின்றனர். ஆனால் அக்கருவி பிற நாடுகளில் பேசவில்லை. பிற நாட்டுக் கருவிகளும் அங்கே பேசவில்லை. அயல்நாட்டுப் பயணிகள் டோக்கியோ வானூர்தி நிலையத்தில் கைப்பேசியை வாடகைக்குப் பெற்றுச் சென்றனர். பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் கலாபகசுத் தீவுகளில் உயிரினங்கள் வேறெங்கும் இல்லாத வடிவில் வளர்ந்தன அன்றோ? அத்தீவுகளின் பெயரையே ஜப்பானியர் தம் பழைய கைப்பேசிகளுக்கு இட்டு வழங்கலாயினர். தனித்து வளர்ந்த அறிவு எத்துணை உயர்ந்ததாயினும், பிறரோடு பேச இயலாவிடின் தன் கரையோடு நின்றுவிடும் என்பதை அப்பெயர் உணர்த்துகின்றது.

இத்தகைய பட்டறிவால் உலகம் மெல்ல ஒன்றை நோக்கி வந்தது. 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பு 1998ஆம் ஆண்டு தோன்றியது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா ஆகியவற்றைச் சேர்ந்த ஏழு அமைப்புகள் இன்று அதில் இணைந்து கைப்பேசி முறைகளை வகுக்கின்றன. 4ஜி, 5ஜி ஆகியவை உலகெங்கும் பொதுவான முறைகளாயின. எனினும் அலைவரிசைகள் பொதுவாகவில்லை. ஒவ்வொரு நாடும் தன் அலைகளைப் படைக்கும், தொலைக்காட்சிக்கும், பிற பணிகளுக்கும் முன்னரே பகிர்ந்து கொடுத்திருந்தது. எஞ்சியவற்றையே கைப்பேசிக்கு அளித்தது. ஆதலின், மொழி ஒன்றாயினும் குரலின் சுருதி நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது.

அண்மைக் காலத்தில் மற்றோர் இடர் தோன்றியுள்ளது. 4ஜி முறை முதற்கண் செய்திக் குறிப்புகளையும் படங்களையும் விரைந்து அனுப்புதற்கென்றே அமைந்தது. குரல் அழைப்பு வந்தால், தொடக்கக் காலக் கைப்பேசிகள் பழைய 2ஜி அல்லது 3ஜி முறைக்கு இறங்கிப் பேசும். பின்னர் மீண்டும் ஏறும். 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி என்னும் ஏற்பாடு பின்னர் வந்தது. இப்பொழுது பல நாடுகள் பழைய முறைகளை மூடிவிட்டன. அங்கே வோல்ட்டி ஒத்துவராத கைப்பேசியில் படம் காணலாம், மடல் பெறலாம், அழைத்துப் பேச மட்டும் இயலாது.

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28ஆம் நாள் முதல் பெரிய நிறுவனங்கள் இரண்டு தம் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கின. அதற்கு முன்பே ஓர் அச்சம் தரும் உண்மை வெளிப்பட்டது. சில கைப்பேசிகள் நாள்தோறும் 4ஜி வழியே நன்றாகப் பேசின. ஆனால் அந்நாட்டு உதவி எண்ணாகிய 000வை அழைக்கும்போது மட்டும் 3ஜி முறையைத் தேடுமாறு அமைக்கப்பட்டிருந்தன. வேறு நாடுகளில் வாங்கிய கைப்பேசிகள் பலவும் அவற்றுள் அடங்கும். வைத்திருப்பவர் தம் கருவி குறையற்றது என்றே எண்ணியிருப்பார். வீடு தீப்பற்றிய வேளையிலோ, தந்தை நெஞ்சு வலியால் சாய்ந்த வேளையிலோதான் அதன் குறை தெரியும்! அவ்வேளையில் தெரிந்து பயன் என்ன? ஆகவே, உதவி எண்ணை அழைக்க இயலாத கைப்பேசிகளுக்குச் சேவை அளித்தலாகாது என்று அந்நாடு விதி செய்தது. அவ்விதி கடுமையானதாகத் தோன்றலாம். உயிரைக் காக்கும் பொருட்டு எழுந்த கடுமை அது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை உயர்கல்விக்காகவோ பணிக்காகவோ கடல் கடந்து செல்லக்கூடும். அல்லது செல்லும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பயணப் பெட்டி கட்ட உதவக்கூடும். உடையும் உணவும் எடுத்து வைப்பதோடு சிலவற்றை ஆராய்ந்து அறிதல் வேண்டும். கைப்பேசி இயங்கும் அலைவரிசைகள் செல்லும் நாட்டின் அலைவரிசைகளோடு ஒத்துள்ளனவா? அங்கே பேசுதற்கு வோல்ட்டி வேண்டுமா? வேண்டுமாயின், அந்நாட்டு நிறுவனம் அக்கருவியை ஏற்குமா? ஒரே நிறுவனத்தின் அட்டையை மட்டும் ஏற்குமாறு கருவி பூட்டப்பட்டுள்ளதா? ரோமிங் கட்டணம் எவ்வளவு? இவற்றைப் புறப்படுமுன்னரே கேட்டறிதல் எளிது. சென்றபின் வருந்துதல் வீண். அந்நாட்டின் உதவி எண்ணையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளிலும் அது 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. வீட்டாரின் எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருத்தல் நன்று. மின்கலம் தீர்ந்த கைப்பேசி எந்நாட்டிலும் ஊமையே.

விலை உயர்ந்த கருவி நம் கையில் இருப்பதனால் மட்டும் அயல்நாட்டில் நம் குரல் ஒலிப்பதில்லை. முன்பின் அறியாத பலர் பல ஆண்டுகள் கூடிப் பேசி, தம் விருப்பத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து, பொதுவான ஒரு முறைக்கு உடன்பட்டமையால்தான் அது ஒலிக்கின்றது. அவ்வுடன்பாடு தளர்ந்த இடத்தில் கருவியும் வாய் மூடுகின்றது. 'நலமாக வந்து சேர்ந்தேன்' என்னும் சொல் தாயின் செவியை அடையும்போதெல்லாம், பல நாடுகளின் ஒற்றுமை அச்சொல்லைச் சுமந்து வருகின்றது என்பதை நாம் மறவாதிருப்போமாக.