டிராக்டர் ஒயரிங்கில் ஜாயிண்ட் போடுவது எப்படி?

லேபில் நாம் ஒயர் ஜாயிண்ட் போட்டுப் பழகுவது மேஜை மேல். அது ஆடாது, நனையாது. டிராக்டரில் போடும் ஜாயிண்ட் அப்படியா? சேற்றுழவில் கேஜ் வீல் வாரியடிக்கும் சேறு, வண்டி கழுவும் தண்ணீர், டீசல், வெயில், நாள் முழுக்க அதிர்வு, இத்தனையையும் தாங்கியாக வேண்டும். என் அப்பா தஞ்சை டெல்டாவில் டிராக்டர் டிரைவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால், வண்டியில் எது கெட்டாலும் கேள்வி என்னிடம்தான் வரும். "டேப்பு நல்லாத்தானே சுத்தியிருக்கு தம்பி, அப்புறம் ஏன் டிரெய்லர் லைட்டு மங்குது?" என்றார் ஒருநாள். நியாயமான கேள்விதான்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் இழைகளுக்கு நடுவே நுண்ணிய சந்துகள் இருந்துகொண்டே இருக்கும். திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தச் சந்து வழியே தண்ணீர் ஏறிவிடும். வெயிலில் டேப்பின் பசையும் இளகிப் போகும். மேலே காய்ந்து கிடக்கும், உள்ளே ஈரம் நிற்கும். செம்பு கறுத்து, பிறகு பச்சையாகக் களிம்பு பிடிக்கும். களிம்பு வழியே மின்சாரம் சரியாக ஓடாது.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை சுமார் 7 ஓம். கெட்ட ஜாயிண்டில் 1 ஓம் கூடினால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். வீட்டு 230 வோல்ட்டில் அது போனால் யாருக்கும் தெரியாது. இங்கே அது எட்டில் ஒரு பங்கு! இழை பல்பில் வோல்டேஜைவிட வெளிச்சம் வேகமாகக் குறையும். சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகும். களிம்பு முற்றினால் விளக்கே அணையும். நெல் மூட்டையோடு இருட்டில் ரோட்டோரம் நிற்கும் டிரெய்லருக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் காவல். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் விளக்கில்லாத கரும்பு டிரெய்லர் பின்னால் சைக்கிளில் மோதி, இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

சரி, எப்படிப் போடுவது? கறுத்த செம்பை வெட்டித் தள்ளிவிட்டுப் பளபளக்கும் இடம்வரை போக வேண்டும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலிலேயே ஒரு ஒயரில் கோத்துவிட வேண்டும், இணைத்த பிறகு அது உள்ளே போகாது. பிறகு ஒயர் பருமனுக்கேற்ற பட் கனெக்டரை கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிப்பு வராது. கையால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈயம் வைத்தால் கெட்டிதானே என்பார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சி போல விறைக்க வைக்கிறது. அந்த விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்ச்சியில் ஒயர் ஒடியும். ஈயம்தான் வைப்பேன் என்றால் ஆசிட் பிளக்ஸ் கூடாது, ஜாயிண்டின் இருபுறமும் கிளாம்ப் போட வேண்டும். என் ஓட்டு கிரிம்புக்கே.

ஸ்லீவிலும் இரண்டு வகை உண்டு. சாதாரண ஸ்லீவ் சுருங்கும், ஆனால் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே பசை பூசியதை வாங்க வேண்டும். சூடு காட்டும்போது இருமுனையிலும் பசை பிதுங்கினால்தான் அடைபட்டது என்று அர்த்தம். சிலிக்கான் பூசுவோர் முகர்ந்து பார்க்கவும், வினிகர் வாடை அடிக்கும் ரகம் செம்பையே அரிக்கும். நாலைந்து ஒயர் சேர்ந்து ஓடினால் ஜாயிண்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். விளக்குக்குள் நுழையுமுன் ஒயரைக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இவ்வளவும் செய்தும் விளக்கு மங்கினால்? எர்த்தைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் எர்த் தனி ஒயரில் வருவதில்லை, கொக்கிப் பின் வழியாக டிராக்டர் பாடிக்குப் போகிறது. அங்கே துருவும் கிரீஸும்தான் இருக்கும். விளக்கைப் போட்டுவிட்டு, பல்பு ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பிளக் சாக்கெட் வழியாகத் தனி எர்த் ஒயர் ஒன்று இழுத்துவிட வேண்டியதுதான்.