பேச்சு ஆங்கிலத் தொடர்கள்: எதை, எந்த வழியில்?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தத் தொடர்கள் என்பதை. கற்பிக்கும் முறை அப்புறம்தான்.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' நம் இலக்கண நோட்ஸ்களின் செல்லப்பிள்ளை. ஆனால் இன்றைய பேச்சில் அதைக் கேட்பது அபூர்வம். 'ஹேங் ஆன்', 'நெவர் மைண்ட்', 'இட்ஸ் அப் டு யூ' போன்றவையோ எங்கும் காதில் விழும். ஒவ்வொரு தொடரையும் எடுத்து, உங்கள் மாணவி இந்த மாதத்துக்குள் யாரிடமாவது அதைச் சொல்ல வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். உண்டென்றால், அது வாயில் தானாக வரும் அளவுக்குப் பழக்க வேண்டிய தொடர். இல்லையென்றால் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். சந்தேகமிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நிறுவனங்களின் மாணவர் அகராதிகளைப் புரட்டலாம். நட்பு வட்டத்துக்கு மட்டும் உரியதா, வழக்கொழிந்து வருகிறதா என்று குறித்திருப்பார்கள். 'ஹேங் ஆன்' தோழியிடம் சரி, தலைமையாசிரியரிடம் ஆகாது.

வாயில் வரவேண்டியவற்றுக்கு என் முதல் தேர்வு, வகுப்பின் அன்றாடக் காரியங்களையே ஆங்கிலத்தில் நடத்துவது. 'ஹவ் டு யூ ஸ்பெல் இட்?', 'ஐ ஹேவன்ட் ஃபினிஷ்ட் யெட்', 'இஸ் இட் மை டர்ன்?' இவற்றுக்கெல்லாம் நாள்தோறும் உண்மையான தேவை வரும். அறுபது பேர் உள்ள வகுப்பிலும் நடக்கும், செலவும் இல்லை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர் திட்டமும் ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று வேலையைக் கொடுத்து அதன் வழியே மொழியை வரவைத்தது. அதன் இலக்கு இலக்கணத் திறன். பேச்சுத் தொடர்கள் அல்ல. ஆனாலும் அந்த யோசனையை இங்கே தாராளமாகக் கடன் வாங்கலாம்.

அடுத்தது நடிப்பு. இருவர் நடிக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதானால் வேண்டவே வேண்டாம். எல்லோரும் ஜோடி ஜோடியாக ஒரே நேரத்தில் பேசட்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூழலும் நம்பும்படி இருக்க வேண்டும். தெருமுனை மருந்துக்கடையில் தமிழரும் தமிழரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது பிள்ளைகளுக்கே சிரிப்பாக இருக்கும். மாமல்லபுரத்தில் வழி கேட்கும் பயணி, வேறு மாநிலத்துக் கல்லூரிக்குப் போடும் போன் என்றால் பொருந்தும்.

கேட்டுப் புரிந்தால் போதும் என்று ஒதுக்கியவற்றுக்கு ஒலிப்பதிவு நல்லது. பிபிசியின் 'த இங்கிலிஷ் வீ ஸ்பீக்' சில நிமிடங்களில் ஒரு தொடரை விளக்கிவிடும். அதில் வருவதையெல்லாம் பேசவைக்க முயல வேண்டாம்.

பட்டியல் மனப்பாடத்துக்குக் கடைசி இடம். திரும்பிப் பார்க்க உதவும், அவ்வளவே. போட்டே ஆக வேண்டுமென்றால் அகர வரிசையை விட்டுவிட்டுப் பிறந்த இடத்தை வைத்துத் தொகுக்கலாம். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்குமுன் ஓடுவதிலிருந்து 'ஜம்ப் த கன்', குத்துச்சண்டையில் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொள்வதிலிருந்து 'த்ரோ இன் த டவல்'. காட்சி மனதில் நின்றால் தொடரும் நிற்கும்.

தேர்வில் பொருள் கேட்காதீர்கள், சூழலைக் கொடுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் வேகமாக ஏதோ கேட்கிறார், புரியவில்லை, என்ன சொல்வாய்? 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்றால் முழு மதிப்பெண். வெறும் 'வாட்?' என்றால் பாதி.