கல்லூரி அணிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

விளையாட்டு ஒதுக்கீட்டில் திருச்சிக் கல்லூரிகளுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அல்லூர், ஜீயபுரம், கொடியாலம் பிள்ளைகள் ஓடியதையெல்லாம் மைதான ஓரத்தில் நின்று பார்த்து வளர்ந்த கிழவன் நான். ஓட்டத்தைக் கோச் பார்த்துக்கொள்வார். உங்கள் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, அதற்குத்தான் இது.

1. நம் மாவட்டத்து முடிகண்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளத்தின் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2 நிமிடம் 2.70 விநாடி. தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாதமே, அவர் சாம்பிளில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாகச் செய்தி வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று சொன்னார். நான்கு வருஷத் தடை விழுந்தது. தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது. விதி அப்படித்தான் இருக்கிறது, பிள்ளைகளே. உடம்பில் இருந்தாலே குற்றம். எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2. கோச் கொடுத்தாலும், அது என்ன என்று கேளுங்கள். 2011-இல் அஷ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் உள்பட நம் நாட்டு ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். மூன்று பேரும் முந்தின வருஷம் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கியவர்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையில்தான் அந்த ஊக்கமருந்து கலந்திருந்தது என்றார்கள். அவருக்கு வேலை போனது. இவர்களுக்கு ஒரு வருஷத் தடை, பிறகு அது இரண்டு வருஷமானது, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸும் போனது. குரு சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம். வாயில் போடுகிற விஷயத்தில் மட்டும் தட்டுங்கள்.

3. ஜிம்மில் விற்கிற புரோட்டீன் டப்பாவில், மேலே அச்சிடாத சரக்கும் கலந்திருக்கலாம். சில சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும்; போட்டி நேரத்தில் அளவு மீறினால் அதற்கும் தடை உண்டு. வீக்கத்துக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோனும் போட்டி நேரத்தில் தடைதான். டாக்டரிடம் முதலிலேயே "நான் போட்டியில் ஓடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்த மருந்து இல்லாமல் முடியாது என்றால் அதற்கு முறையான மருத்துவ விலக்கு உண்டு, எழுதி வாங்குங்கள். மாத்திரை அட்டையையும் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

4. சாம்பிள் கேட்டு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் ஆட்கள் வந்தால் ஓடாதீர்கள். 2023 செப்டம்பரில் டெல்லி மாநில தடகளப் போட்டிக்கு அவர்கள் வந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். மற்றவர்களைக் காணோம். கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. மறுத்தாலும் தப்பித்தாலும் நான்கு வருஷம் வரை தடை விழும், தெரிந்துகொள்ளுங்கள். சோதனை முறையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். சீல் பிரிக்காத கிட்டுகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். அதை ஏ, பி என்ற இரண்டு பாட்டிலில் உங்கள் கையாலேயே ஊற்றி மூடுங்கள். பாட்டில் எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைசி ஏழு நாளில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். சிறுநீர் எடுக்கும்போது பெண் பிள்ளைகளுடன் உள்ளே வருவது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

5. வயதைக் குறைத்துப் போடாதீர்கள்.

6. இன்னொருவர் அடையாள அட்டையில் ஆடாதீர்கள். "ஒரே ஒரு மேட்ச்தான் தம்பி" என்று மண்டலப் போட்டி நேரத்தில் கேட்பார்கள். கோப்பை கல்லூரி அலமாரிக்குப் போய்விடும், ஆள் மாறாட்ட வழக்கு உங்கள் தலையில் விடியும்.

7. வகுப்புக்குப் போங்கள். நீங்கள் வராவிட்டாலும் வருகைப் பதிவு போட்டுத் தருகிறோம் என்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 வருஷம் பெயருக்கு மட்டும் வகுப்பு நடந்தது. 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் விளையாட்டு வீரர்கள். 2017-இல் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு, தன்னால் பல்கலைக்கழகத்தைத் தண்டிக்க முடியாது என்று கைவிட்டது. படிக்காமல் போன பிள்ளைகளுக்குப் படிப்பு திரும்பி வரவில்லை. முழங்கால் போய்விட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது அந்தப் பட்டம் ஒன்றுதான்.

8. பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் ஃபார்ம் 3 என்ற சான்றிதழ் கிடைக்கும். அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது முக்கியம் என்பதால்தான் போலியும் கிளம்புகிறது. ஆடாத போட்டிக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் வீட்டாரை அனுப்பாதீர்கள். நிலத்தை அடமானம் வைத்துக் கொடுக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். சரிபார்ப்பில் பிடிபட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

9. சேரும் அன்றைக்கு ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு தப்பான வேலைக்கு மாட்டேன் என்று சொல்லும் தைரியம் உங்களுக்குக் குறைந்துவிடும். ஒரிஜினலைப் பிடித்துவைக்கக்கூடாது என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்த கையோடு திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அப்பா தயங்கினால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.