உறுமலும் ஒரு மொழியே

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு விடுதி மாணவியர் சார்பில்)

முன்னுரை

"அடியாத மாடு படியாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாட்டுக்கு அது பொருந்துமோ என்னவோ, நாய்க்குட்டிக்குப் பொருந்தாது என்பதை இவ்வாண்டு நாங்கள் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோம். ஆனால் அந்த விலையைக் கொடுத்தது நாங்கள் அல்ல; ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. ஆகவே நடந்ததை மறைக்காமல் எழுதுவதும், பின்னர் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருவதும் எங்கள் கடமை என்று எண்ணுகிறோம்.

செவலை வந்த கதை

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம். குற்றாலத்துச் சாரல் செங்கோட்டை வரை தூவிக்கொண்டிருந்தது. விடுதிக் காவல்காரத் தாத்தா தம் துண்டுக்குள் ஒரு குட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதன் தாய் கொல்லம் சாலையில் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டதாம். குட்டிக்கு ஐந்து வாரம்கூட நிரம்பவில்லை. "பெருச்சாளியும் பாம்பும் வார எடம். ஒரு நாய் கெடக்கட்டும் சிஸ்டர்" என்று தாத்தா வேண்ட, விடுதி சிஸ்டரும் இசைந்தார். செந்நிறமாக இருந்ததால் 'செவலை' என்று பெயரிட்டோம்.

முதல் இரண்டு வாரம் செவலை எங்கள் செல்லம். பிறகு தொல்லை தொடங்கியது. கொடியில் காயும் காலுறையை இழுக்கும், செருப்பைக் கடிக்கும், தாவணி முனையைப் பற்றிக்கொண்டு விடாது. "சீ, விடு!" என்று அதட்டினால் பல்லைக் காட்டி உறுமும். உள்ளங்கை அளவுக் குட்டி உறுமுவதைக் கண்டு முதலில் சிரித்தோம். பிறகு எங்களுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு திமிரா?

அடிக்கோலால் மூக்கில் தட்டினோம். உறுமல் கூடியது. இன்னும் ஓங்கித் தட்டினோம். எங்களில் ஒருத்தி, "ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் மற்றவற்றைக் கீழே தள்ளி அடக்கி வைக்குமாம், நாமும் அப்படிச் செய்ய வேண்டும்" என்றாள். அதன்படி செவலையை மல்லாத்தி, அது துள்ளுவதை நிறுத்தும்வரை அழுத்திப் பிடித்தோம். ஆகஸ்டு மாத முடிவில் செவலை உறுமுவதை அடியோடு விட்டுவிட்டது. வெற்றி பெற்றுவிட்டோம் என்று பெருமைப்பட்டோம்.

அந்த மாலை

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மாலை. பிரானூர் பார்டரில் வாங்கி வந்த கோழிக்கறியின் எலும்பு ஒன்று எப்படியோ செவலையிடம் அகப்பட்டிருந்தது. வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று பாடத்தில் படித்திருந்த அந்தத் தங்கை, நல்லெண்ணத்துடன் அதைப் பிடுங்கக் கை நீட்டினாள். செவலை உறுமவில்லை, குரைக்கவும் இல்லை. ஓசையின்றிக் கடித்துவிட்டது. அவள் கையிலிருந்து இரத்தம் கசிந்தது.

சிஸ்டர் ஓடி வந்து, குழாயடியில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுதாகப் 15 நிமிடம் காயத்தைக் கழுவினார். சமையல் அக்கா எடுத்து வந்த மஞ்சள்தூளை வேண்டாம் என்று தடுத்துவிட்டார். உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், தோளில் தடுப்பூசியும் போட்டார்கள். முதல் நாளை 0 என்று கணக்கிட்டு 3, 7, 28 ஆம் நாள்களிலும் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். செவலைக்கு மூன்று மாதம் நிரம்பியதும் போட்டிருக்க வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியை நாங்கள் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தோம். அதுவும் எங்கள் குற்றமே.

இரவு சிஸ்டர் சொன்னார்: "பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கடிக்கிற நாய் வேண்டாம். யாரிடமாவது கொடுத்துவிடலாம்." தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்கு உறக்கம் வரவில்லை. குட்டியை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பது சிஸ்டருக்குத் தெரியாது. மறுநாள் காலை நாங்கள் அனைவரும் சென்று, அடிக்கோலைப் பற்றியும், மல்லாத்தி அழுத்தியதைப் பற்றியும் சொன்னோம். சிஸ்டர் நெடுநேரம் பேசவில்லை. பின், "இதை முதலில் அந்தத் தங்கையிடம் சொல்லுங்கள். பிறகு என்னுடன் வாருங்கள்" என்று கூறிச் செவலையுடன் எங்களைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மருத்துவர் சொன்ன பாடம்

கடித்த நாயை உடனே எங்கும் அனுப்பக்கூடாது என்பதே மருத்துவர் கூறிய முதல் செய்தி. வெறிநோய் உள்ளதா என்று அறிய அதைப் 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து நாள்களே செவலையைக் காப்பாற்றின.

அடுத்து அவர் செவலையின் காதைத் திருப்பிக் காட்டினார். உள்ளே உண்ணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. வாயைத் திறந்து காட்டினார். பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. குட்டிக்கு 28 பால்பற்கள் உண்டு. நான்கு மாதம் முதல் அவை விழுந்து, ஏழு மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்நாள்களில் ஈறு தினவெடுப்பதால் எதையாவது கடித்தே தீரும். காதில் வலியும் ஈற்றில் தினவும் உள்ள குட்டியை நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம்.

பின்னர் அவர் கேட்டார்: "உறுமலை நிறுத்திவிட்டோம் என்கிறீர்களே, அதன் பயத்தை நிறுத்தினீர்களா?" எங்களிடம் விடையில்லை. உறுமல் என்பது 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகிக்கொள்' என்று நாய் தரும் எச்சரிக்கை. எச்சரித்தால் அடி விழும் என்று கற்ற நாய், எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. நாங்கள் மணியின் நாக்கை அறுத்தோம். தீ எரிந்துகொண்டுதான் இருந்தது.

அறிஞர்கள் கண்டவை

ஓநாய்த் தலைவன் கதையைப் பற்றி அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் எழுதினார். இடுக்கமான இடத்தில் அடைக்கப்பட்ட அவை ஒன்றையொன்று அடக்கச் சண்டையிட்டன. டேவிட் மீச் என்ற அமெரிக்கர் 1970இல் எழுதிய ஓநாய் நூலால் அக்கருத்து உலகெங்கும் பரவியது. ஆனால் அதே மீச், காட்டில் ஓநாய்களை நேரில் பல்லாண்டு கவனித்தபின், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999இல் எழுதினார். தாம் முன்பு எழுதியதைத் தாமே திருத்திய அவரது நேர்மை எங்களைக் கவர்ந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரானும் அவருடன் பணியாற்றியோரும் நாய் வளர்ப்போர் 140 பேரிடம் கேட்டு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம் நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 43 விழுக்காட்டினரிடம் நாய் சீறியோ கடிக்க வந்தோ எதிர்த்தது. மல்லாத்தி அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் அதே அனுபவம். உணவு கொடுத்தும் பாராட்டியும் பழக்கியவர்களில் மிகச் சிலருக்கே அப்படி நேர்ந்தது.

தாயை விட்டுப் பிரியும் காலமும் முக்கியம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஆய்வு செய்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர், குட்டி மற்ற உயிர்களுடன் பழகக் கற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை என்று 1965இல் வெளியிட்ட நூலில் காட்டினர். உடன்பிறந்த குட்டிகளுடன் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. வலுவாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இதனால்தான் எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறார்கள். செவலைக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. அதன் இடத்தில் நாங்கள் இருந்தோம், அடிக்கோலுடன் இருந்தோம்.

நாங்கள் கைக்கொண்ட முறைகள்

1. உறுமினால் அடிக்காதே, நின்றுவிடு. கையை மெல்ல விலக்கி, ஏன் உறுமியது என்று யோசி. வலியா, பயமா, பசியா, உறக்கமா? குட்டி ஒரு நாளில் நெடுநேரம் உறங்கும். நாங்களோ முறை வைத்து அதை எழுப்பி விளையாடியிருக்கிறோம்.

2. உறுமலுக்கு முன்வரும் குறிகளைப் படி. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், உறக்கமின்றிக் கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல், திடீரென உடல் விறைத்து அசையாதிருத்தல் ஆகியவை அக்குறிகள். கடைசிக் குறியே மிக ஆபத்தானது.

3. பிடுங்காதே; பண்டமாற்றுச் செய். வரலாற்றுப் பாடத்தில் படித்த பண்டமாற்றுத்தான். செருப்பை வைத்திருக்கும்போது அதைவிடச் சிறந்த ஒன்றை, எங்கள் வழக்கப்படி அவித்த முட்டைத் துண்டை, சற்றுத் தள்ளிப் போட வேண்டும். செருப்பை விட்டு வந்ததும் பாராட்ட வேண்டும். உண்ணும்போது கிண்ணத்தில் கைவைக்காமல், கடந்து போகையில் ஒரு நல்ல துண்டைப் போட்டுவிட்டுச் செல்ல வேண்டும். மனிதர் வந்தால் உணவு போகாது, கூடும் என்று அது கற்றுக்கொள்ளும்.

4. கடிக்கத்தக்கதைக் கொடு. பழைய துணியை இறுக முடிச்சிட்டு நனைத்துக் கொடுத்தோம். பழைய செருப்பைக் கொடுக்கக்கூடாது. பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது.

5. விளையாட்டில் பல் பதிந்தால் உடனே விளையாட்டை நிறுத்து. கையை உதறாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அரை நிமிடம் மரம்போல் நில். குட்டிகள் தமக்குள் கற்பிக்கும் முறை இதுவே.

6. எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். 'சீ', 'போ', 'விடு', 'நோ' என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அது பிடிவாதம் பிடிக்கவில்லை, குழம்பி நின்றது. இப்போது 'விடு' ஒன்றே சொல்.

7. பாராட்டும் வெகுமதியும் நல்ல செயலைச் செய்த அந்த நொடியிலேயே கிடைக்க வேண்டும். அரை மணி கழித்துத் திட்டினால், எதற்காக என்று அதற்கு விளங்காது.

8. சிறு பிள்ளைகளை உண்ணும் நாயிடமோ உறங்கும் நாயிடமோ தனியே விடாதே. வளர்ந்த நாய் கடிக்க வந்தால் சொந்த வைத்தியம் செய்யாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டு.

பழைய பாடம் ஒன்று

நம் பக்கத்து ராஜபாளையம் நாய், காவலுக்கும் வீரத்திற்கும் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அதன் படத்துடன் தபால்தலை வெளியிட்டது. நாயின் நன்றியைப் பற்றியும் நாம் பெருமையாகப் பேசுகிறோம். தன் மேல் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே நாய் வாலாட்டும் என்று நட்புக்கு உவமை கூறுகிறது நாலடியார். வேல் பட்டும் வாலாட்டும் உயிர் என்பதால் வேலை எறியலாம் என்று அதற்குப் பொருளல்ல. அந்த வரிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நாங்கள், அன்று மாலையே அடிக்கோலை எடுத்தோம் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முடிவுரை

பத்து நாள் கழிந்தன. செவலைக்கு நோய் ஏதுமில்லை. தடுப்பூசி போடப்பட்டது, உண்ணிகள் அகற்றப்பட்டன. சிஸ்டர் ஒரு மாதத் தவணை கொடுத்தார். எவள் கையோங்கினாலும் அன்றே நாய் வெளியேறும் என்பது நிபந்தனை. ஒருத்தியும் கையோங்கவில்லை.

இன்று செவலை 'விடு' என்றால் வாயில் இருப்பதை விடுகிறது. ஊசிகளை முழுதும் போட்டுக்கொண்ட அந்தத் தங்கை, ஒரு மாதம் அதன் பக்கமே வரவில்லை. நாங்களும் அவளை வற்புறுத்தவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய நாள் அவளாகவே வந்து, தூரத்தில் நின்று ஒரு முட்டைத் துண்டை எறிந்தாள். இப்போது காலைச் சோறு வைப்பவள் அவளே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கணக்கு நோட்டில் கோடு போட அடிக்கோலை எடுத்தால்கூடச் செவலை இன்னும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிறது. மூன்று மாத அடியை மறக்க எத்தனை மாதம் ஆகுமோ! ஆனால் சென்ற வாரம் ஒரு நல்ல செய்தி. உறங்கிக்கொண்டிருந்த அதன் காலை ஒருத்தி தெரியாமல் மிதிக்கப் போனபோது, செவலை மெல்ல உறுமியது. நாங்கள் அனைவரும் மகிழ்ந்து விலகி நின்றோம். தாத்தாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேச்சு திரும்பிட்டு, தாயி."

கோடை விடுமுறையில் வீட்டிற்குப் புதுக் குட்டி கொண்டுவர எண்ணும் தோழியரே, பெற்றோரே! எட்டு வாரம் பொறுங்கள். ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். அது உறுமினால் காது கொடுத்துக் கேளுங்கள்.